விளையாட்டுப் புகைப்படம், வெளிநாட்டு வேலை: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில ஆண்டுகளாக விளையாட்டுப் படங்கள் எடுத்து வருகிறேன். வார நாட்களில் அலுவலகம், சனி ஞாயிறுகளில் மைதானம். உள்ளூர் லீக், பல்கலைக்கழகப் போட்டிகள், தேசிய மல்யுத்தம் என்று எடுத்ததில் சில படங்கள் செய்தித்தாள்களிலும் வந்திருக்கின்றன. வெளிநாட்டில் ஃப்ரீலான்ஸாக வேலை செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பத்திரிகைகளுக்குப் படம் விற்கும் பெரிய ஏஜென்சிகள் எல்லாவற்றுக்கும் போர்ட்ஃபோலியோ அனுப்பிவிட்டேன். ஒன்றிரண்டு இடங்களிலிருந்து தானியங்கிப் பதில் வந்தது, அவ்வளவுதான். டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கிவிடு, வேலை தானாக அமையும் என்கிறார் ஒரு நண்பர். 400 எம்.எம். லென்ஸ் இல்லாவிட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்கிறார் இன்னொருவர். வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கிவிடலாமா? பத்துப் படங்களை இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எம். (பெயரை வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள எம்.,

விசாவை முதலில் பேசிவிடுவோம். மற்ற விஷயங்களில் சறுக்கினால் எழுந்துகொள்ளலாம், இதில் சறுக்கினால் ரொம்பக் கஷ்டம். டூரிஸ்ட் விசாவில் போய்க் காசுக்குப் படம் எடுக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்தே ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டால் அது பதிவாகிவிடும். அப்புறம் பல நாடுகளின் விண்ணப்பத்தில் ‘முன்பு திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறீர்களா’ என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும். அமெரிக்காவில் ஊடகத்தினருக்கென்றே ‘ஐ’ விசா இருக்கிறது. ஃப்ரீலான்ஸர் அதைக் கேட்டால் ஓர் ஊடக நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா 180 நாட்களில் 90 நாட்கள் தங்க அனுமதிக்கிறது. ஆனால் அந்த நாட்களில் வேலை செய்யலாமா என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படிதான் முடிவு செய்கிறது. போட்டி அமைப்பாளர்கள் தரும் மீடியா அக்ரெடிடேஷனும் (அரங்கில் படம் எடுக்க அனுமதிக்கும் அட்டை) விசாவும் வேறு வேறு. அட்டை கையில் இருக்கிறது என்பதற்காகக் குடிவரவு அதிகாரி உள்ளே விட்டுவிட மாட்டார். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தின் விதிகளை நீங்களே படியுங்கள். நண்பர் சொன்னார் என்று டிக்கெட் போடாதீர்கள்.

சரி, ஏஜென்சிகளின் மௌனத்துக்கு வருவோம். உங்கள் படங்கள் மோசம் என்று நினைத்து மனம் உடைய வேண்டியதில்லை. ஏஜென்சி எடிட்டரின் நாற்காலியில் இருப்பவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். நாளைக்கு ஓர் ஊரில் போட்டி. அந்த ஊரிலேயே அவருக்குத் தெரிந்த நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு விமான டிக்கெட் வேண்டாம், ஹோட்டல் வேண்டாம், விசாவும் வேண்டாம். மைதானத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். அவர் ஏன் முன்பின் அறியாத ஒருவரைக் கடல் தாண்டிக் கூப்பிட வேண்டும்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகமே பகிர்ந்த ஒரு படம் நினைவிருக்கும். பிரேசிலின் கேப்ரியல் மெடினா அலையிலிருந்து வெளியேறி, ஒரு விரலை உயர்த்தியபடி நெட்டுக்குத்தாகக் காற்றில் நிற்பார், பக்கத்திலேயே அவருடைய சர்ஃப் பலகையும் நிற்கும். ஏஎஃப்பி என்ற பிரெஞ்சுச் செய்தி ஏஜென்சிக்காக அதை எடுத்தவர் ஜெரோம் புரூயே. சர்ஃபிங் போட்டி நடந்தது பாரிஸில் இல்லை, தாஹிட்டித் தீவின் தியாஹுப்போவில். புரூயே தாஹிட்டியிலேயே வசிப்பவர், அந்த அலையை முன்பே பலமுறை எடுத்துப் பழகியவர். பெரிய அலையைப் பிடித்தபின் மெடினா இப்படி எகிறி வெளியே வரக்கூடும் என்று எதிர்பார்த்துப் படகில் காத்திருந்தார்.

எடிட்டர் கூப்பிடுவது இரண்டே வகை ஆட்களைத்தான். ஒன்று, ஏற்கெனவே அந்த இடத்தில் இருப்பவர். இல்லையென்றால், அந்த இடத்தில் இருக்கும் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்தவர். வெளிநாட்டு வேலை வேண்டுமானால் இந்த இரண்டில் ஒருவராக நீங்கள் மாற வேண்டும். போர்ட்ஃபோலியோ எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு ஈடாகாது.

முதல் வழி உங்கள் வாசலிலேயே தொடங்குகிறது. வெளிநாட்டு அணிகள் உங்கள் நாட்டுக்கு வருகிறார்கள் அல்லவா, அப்போது அவர்கள் நாட்டுப் பத்திரிகைக்கு நீங்கள்தான் ‘அந்த இடத்தில் இருப்பவர்’. உங்கள் நாட்டில் நடக்கவிருக்கும் ஒரு ஜூனியர் போட்டியின் அட்டவணையை எடுங்கள். எந்தெந்த நாட்டு அணிகள் வருகின்றன என்று பார்த்து, அந்தந்த நாட்டு விளையாட்டுச் சங்கங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் எழுதுங்கள். உங்கள் வீரர்கள் இந்தத் தேதிகளில் இங்கே விளையாடுகிறார்கள், நான் அரங்கில் இருப்பேன், படம் வேண்டுமா என்று நான்கே வரிகள் போதும். போர்ட்ஃபோலியோவைப் பார்க்காதவர்கள்கூட இந்த மெயிலுக்குப் பதில் எழுதுவார்கள், ஏனென்றால் இதில் அவர்களுக்கு வேண்டியது இருக்கிறது. முதல் வெளிநாட்டு இன்வாய்ஸை வீட்டில் உட்கார்ந்தபடியே அனுப்பியவர்கள் நம் தொழிலில் நிறையப் பேர்.

இரண்டாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் உலகப் போட்டியில் ஏஜென்சிக்காரர்கள் யாரை எடுக்கிறார்கள்? பதக்கம் வெல்பவரை, பிரபலமானவரை, அழுது விழுபவரை. ஓட்டப்பந்தயத்தில் இருபத்து மூன்றாவதாக வந்தவரை எடுக்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. ஆனால் அந்த இருபத்து மூன்றாவது ஆளின் நாட்டில் அவர்தான் செய்தி. அவருடைய தேசிய சங்கத்துக்கு ஆண்டறிக்கையில் போடப் படம் வேண்டும், ஊர்ப் பத்திரிகைக்கு வேண்டும், அவருக்கு ஷூ வாங்கிக் கொடுத்த ஸ்பான்ஸருக்கு வேண்டும். போட்டி முடிந்த இரவில் அந்தப் படம் உலகத்தில் எங்கேயும் இல்லை என்பதுதான் உண்மை நிலைமை. அதை எடுக்கப் போகிறவராக நீங்கள் இருங்கள். உங்கள் நாட்டிலிருந்து வெளியே போய்ப் போட்டியிடும் சின்ன விளையாட்டு அணிகளைப் பாருங்கள். வில்வித்தை, மேசைப்பந்து, மல்யுத்தம், ஜூடோ என்று எதுவானாலும் சரி, பெரும்பாலும் அவர்களோடு புகைப்படக்காரர் யாரும் போவதில்லை.

நீங்கள் மல்யுத்தம் எடுப்பவர் என்பதால் சொல்கிறேன், உங்களுக்கு இது நல்ல தொடக்கம். யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங் என்ற உலக மல்யுத்த அமைப்பு பெரியவர்களுக்கு மட்டுமல்லாமல் 17, 20, 23 வயதுக்குட்பட்டவர்களுக்கும் உலகச் சாம்பியன்ஷிப் நடத்துகிறது. ஒலிம்பிக்குக்கு அட்டை வாங்குவது வேறு கதை. அங்கே தேசிய ஒலிம்பிக் கமிட்டிகளுக்கு ஒதுக்கீடு உண்டு, விண்ணப்ப வேலைகள் வெகு முன்பே தொடங்கிவிடும், புதிய ஃப்ரீலான்ஸருக்கு இடம் கிடைப்பது அரிது. கால்பந்து உலகக் கோப்பையிலும் ஒதுக்கீடுதான். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் படம் எடுக்க ஃபுட்பால் டேட்டாகோ என்ற அமைப்பின் உரிமம் வேண்டும். ஜூனியர் மல்யுத்தத்தில் இத்தனை நெருக்கடி இருக்காது. ஒரு பத்திரிகையோ உங்கள் தேசிய சங்கமோ தரும் கடிதம், வெளிவந்த படங்களின் நகல், சரியான தேதிக்குள் விண்ணப்பம், இவை இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் நாட்டு விளையாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் ஏஐபிஎஸ் என்ற உலக அமைப்பில் உறுப்பினராக இருந்தால் அதன் அட்டையையும் வாங்கி வையுங்கள். 1924 முதல் இருக்கும் அமைப்பு அது, பல அமைப்பாளர்கள் மதிக்கிறார்கள். அக்ரெடிடேஷன் வாங்கித் தருகிறேன், பணம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் படங்கள். ஏழாவது படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல உடைக்காரர் பாலமாக வளைந்து தோளைத் தரையில் படாமல் காக்கிறார், மேலே இருப்பவரின் முகம் நெஞ்சில் புதைந்திருக்கிறது, கீழே இருப்பவரின் முகம் நம்மைப் பார்த்துத் தலைகீழாக. கேமராவைத் தரையோடு வைத்து எடுத்திருக்கிறீர்கள். மல்யுத்தத்தில் முகம் கிடைப்பதே அபூர்வம், அதற்காகக் காத்திருந்தது தெரிகிறது. ஆனால் அந்தப் படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள்? ‘போராட்டம்’. மற்றவற்றுக்கு ‘வெறி’, ‘வெற்றிக் களிப்பு’. பத்துப் படங்களில் ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை.

ஏஜென்சி எடிட்டர் உங்கள் கோப்பை மூடிவிட்டதற்கு இது ஒன்றே போதும். அவருக்கு வேண்டிய படக்குறிப்பில் இருக்க வேண்டியவை இவை: சிவப்பு உடையில் யார், எந்த நாடு, நீல உடையில் யார், எந்த நாடு, எந்தப் பாணி, எத்தனை கிலோ பிரிவு, காலிறுதியா அரையிறுதியா, எந்தப் போட்டி, எந்த அரங்கம், எந்த நாள். பெயரில் ஓர் எழுத்துத் தவறினால் அந்தப் படம் தவறான மனிதரின் படமாக உலகம் சுற்றும். ஏஜென்சிக்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், போட்டிக்கு முந்தைய இரவே வீரர் பட்டியலை வைத்துச் சுருக்கக் குறியீடுகள் தயாரித்துவிடுவார்கள். ஃபோட்டோ மெக்கானிக் மென்பொருளில் சட்டை எண்ணைப்போல ஒரு சிறு குறியைத் தட்டினால் முழுப்பெயரும் நாடும் எழுத்துப்பிழை இல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆட்டம் நடக்கும்போதே கேமராவிலிருந்து படத்தை அனுப்பி, சில நிமிடங்களில் அது எடிட்டரின் திரைக்குப் போய்விடும். இதை வீட்டில் பழகுங்கள். அடுத்த சனிக்கிழமை உள்ளூர் லீகையே உலகக் கோப்பையாக நினைத்து, ஆட்டம் முடியும்போது பத்துப் படங்கள் முழுக் குறிப்போடு அனுப்பப்பட்டிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் பற்றிச் சொன்ன நண்பர் சொல்வது கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பெருமளவு சரிதான். உள்ளரங்கில் பாய்க்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால் 70-200 எம்.எம். எஃப்2.8 தாராளம். அரங்கத்து எல்இடி விளக்குகளின் துடிப்பு படத்தில் பட்டைகளாக விழும், கேமராவின் ஆன்ட்டி-ஃப்ளிக்கர் அமைப்பைப் பழகிக்கொள்ளுங்கள். பெரிய லென்ஸ் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுக்கலாம். மிகப் பெரிய போட்டிகளில் கேனான், நிக்கான், சோனி ஆகியவை அட்டை வைத்திருக்கும் புகைப்படக்காரர்களுக்கு லென்ஸ் இரவலாகத் தருவதும் உண்டு. கடன் வாங்கி வாங்காதீர்கள். லென்ஸைவிட நீங்கள் உட்காரும் இடம் பெரிது. 1965 மே 25 அன்று அமெரிக்காவின் மெயின் மாநிலத்து லூயிஸ்டனில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி, சோனி லிஸ்டனை வீழ்த்தி மேலே நின்று கத்தும் படத்தை ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகைக்காக நீல் லீஃபர் எடுத்தார். அந்தப் படத்திலேயே அலியின் கால்களுக்கு இடையில் ஒரு முகம் தெரியும். அது ஹெர்ப் ஷார்ஃப்மன், அதே பத்திரிகைக்காக எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த தேர்ந்த கலைஞர். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு.

கேமராக்களோடு எல்லை தாண்டும்போது ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் பற்றி உங்கள் நாட்டு வர்த்தக சபையில் விசாரியுங்கள். தொழில் கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர ஓராண்டுவரை செல்லும். எல்லா நாடுகளும் இதை ஏற்பதில்லை. ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை வாங்க மறக்கக் கூடாது. உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும்.

பணத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். அசைன்மென்ட் என்றால் விற்றாலும் விற்காவிட்டாலும் பேசிய கூலி வரும். விற்றால் பங்கு என்பது வேறு. இமாகோ, நூர்ஃபோட்டோ, ஸூமா போன்ற ஏஜென்சிகள் ஃப்ரீலான்ஸர்களிடமிருந்து படம் வாங்கி விநியோகிக்கின்றன. அவற்றின் பெயரில் அக்ரெடிடேஷன் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் பயணச் செலவு பெரும்பாலும் உங்களுடையது. ஐம்பது பேர் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்டத்துக்குப் பங்குக் கணக்கை நம்பிப் போனால் கைக்காசு கரையும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை படம், எவ்வளவு, எந்த நாணயம், எத்தனை நாளில், காப்புரிமை யாரிடம்? அமெரிக்க நிறுவனம் என்றால் டபிள்யூ-8பென் என்ற, வெளிநாட்டவருக்கான வரிப் படிவம் கேட்பார்கள். வரிப்பிடித்தம் பற்றி ஒரு கணக்காளரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். மீடியா அட்டையில் எடுத்த படத்தைச் செய்திக்கு மட்டுமே தரலாம் என்று பல போட்டிகளின் விதி சொல்கிறது. வீரரின் ஷூ கம்பெனி விளம்பரத்துக்குக் கேட்டால் அமைப்பாளரிடமும் வீரரிடமும் அனுமதி வாங்கிய பிறகே கொடுங்கள்.

வேலையை விட வேண்டாம், எம். இப்போது வேண்டாம். ஒரு ஜூனியர் மல்யுத்தப் போட்டியைத் தேர்ந்தெடுங்கள், விசா எளிதாகக் கிடைக்கும் பக்கத்து நாடாக இருந்தால் நல்லது. விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். கிளம்பும் முன்பே உங்கள் தேசிய சங்கத்திடமும் ஒரு பத்திரிகையிடமும் சிறு தொகையானாலும் பேசி முடியுங்கள். செலவில் பாதி திரும்பினால்கூட முதல் பயணத்துக்கு அது நல்ல கணக்கு. நீங்கள் கேட்காமலே இரண்டு மூன்று இடங்களிலிருந்து அடுத்த போட்டிக்கும் வருகிறீர்களா என்று கேட்கத் தொடங்கும்போது, ராஜினாமாவைப் பற்றி மறுபடியும் எழுதுங்கள், பேசுவோம்.

அதற்கு முன் ஒரு வேலை. இந்தப் பத்தில் மூன்றாவதையும் ஒன்பதாவதையும் எடுத்துவிடுங்கள், இரண்டும் ஒரே பிடியின் இரண்டு கோணங்கள். ஏழாவதை முதலில் வையுங்கள். அந்த நீல உடைக்காரரின் பெயரைக் கண்டுபிடித்து, எட்டுப் படங்களுக்கும் முழுக் குறிப்பு எழுதி எனக்கு அனுப்புங்கள். மல்யுத்தத்தைக் கவனிக்கும் எடிட்டர்கள் சிலரை எனக்குத் தெரியும், குறிப்புகள் சரியாக இருந்தால் நானே அவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்