சினாப்ஸில் நடப்பது என்ன? கேள்வி பதில்

கேள்வி: மேடம், நரம்பில் ஓடி வரும் மின்தூண்டல் அடுத்த செல்லுக்கு நேராகத் தாவாதா?

பதில்: தாவாது. இரண்டு செல்களும் சந்திக்கும் இடமே சினாப்ஸ். நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி, அதில் உப்புக் கரைசல். மின்னோட்டம் அங்கேயே சிதறிவிடும். செல்கள் துளைகளால் நேரடியாக இணைந்த மின்சினாப்ஸ்களும் உண்டு, அவை வேகமானவை. ஆனால் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் வேதிவழியே வசதி, அதாவது நரம்பியக் கடத்தி என்ற வேதிப்பொருளை இடைவெளியில் விட்டுச் செய்தி அனுப்புவது.

கேள்வி: அப்படியானால் நரம்பியக் கடத்தியை வெளியே தள்ளுவது மின்தூண்டல்தானே?

பதில்: பாதி சரி. தள்ளுவது கால்சியம். இதை நிதானமாகப் படியுங்கள், மற்றவை தானாக விளங்கும். செல்லுக்கு வெளியே கால்சியம் 1 முதல் 2 மில்லிமோலார். உள்ளே அதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். தூண்டல் நரம்பு முனையை எட்டியதும் கால்சியம் கால்வாய்கள் திறந்து அயனிகள் உள்ளே பாய்கின்றன. கடத்தி நிரம்பிய நுண்பைகள், சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ளவை, சவ்வருகே தயாராக நிற்கும். சினாப்டோபிரெவின், சின்டாக்சின், ஸ்நாப்-25 ஆகிய புரதங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பையைச் சவ்வோடு இழுத்துப் பிடிக்கின்றன. சினாப்டோடாக்மின் கால்சியத்தை உணர்ந்ததும் பை சவ்வோடு கலந்து திறக்கிறது. வெளிக்கரைசலில் கால்சியத்தை நீக்கிவிட்டால், தூண்டல் வந்தாலும் சினாப்ஸ் பேசாது.

கேள்வி: அசிடைல்கோலின் என்ற கடத்தி அடுத்த செல்லைத் தூண்டுமா, தடுக்குமா?

பதில்: ஏற்பியைக் கேளுங்கள், அதாவது கடத்தி வந்து ஒட்டும் அடுத்த செல்லின் புரதத்தை. எலும்புத் தசையின் நிகோட்டினிக் ஏற்பி சோடியத்தை உள்ளே விடும், தசை சுருங்கும். இதயத்தின் மஸ்கரினிக் ஏற்பியால் பொட்டாசியம் வெளியேறும், துடிப்பு தளரும். 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி, இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பைத் தூண்டிய தவளை இதயத்தின் திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டபோது, அதுவும் தளர்ந்தது.

கேள்வி: பாட்டுலினம், டெட்டனஸ் இரண்டு நச்சும் நுண்பையைச் சவ்வோடு இழுத்துப் பிடிக்கும் அந்தப் புரதங்களை வெட்டுகின்றனவாம். ஒன்றில் தசை தொய்கிறது, மற்றதில் விறைக்கிறது. ஏன்?

பதில்: நல்ல கேள்வி. பாட்டுலினம் தசைக்குப் போகும் நரம்பு முனையிலேயே வேலை செய்கிறது, அசிடைல்கோலின் வெளிவராது. டெட்டனஸ் நச்சு அதே நரம்பு வழியே தண்டுவடம்வரை ஏறி, தடுப்புச் செல்களுக்குள் நுழைகிறது. அவை வெளிவிடும் தடுப்புக் கடத்திகளான கிளைசினும் காபாவும் நின்றுபோக, இயக்க நரம்புகளுக்கு பிரேக் போய்விடுகிறது.

கேள்வி: ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து நஞ்சுக்கு அட்ரோபின் என்ற மருந்து கொடுத்தும் தசை பலவீனம் ஏன் மாறுவதில்லை?

பதில்: அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அந்த நஞ்சு முடக்குவதால் கடத்தி இடைவெளியில் தேங்குகிறது. அட்ரோபின் மஸ்கரினிக் ஏற்பியை மட்டுமே அடைக்கும்: சுரப்பு குறையும், இதயத்துடிப்பு ஏறும். தசையிலிருப்பது நிகோட்டினிக் ஏற்பி, அதை அட்ரோபின் தொடாது. நொதியை விடுவிக்கவே பிராலிடாக்சிம் என்ற மருந்து. தாமதமானால் நஞ்சுக்கும் நொதிக்கும் உள்ள பிணைப்பு இறுகிவிடும். பிறகு புது நொதி உருவாகும்வரை, மூச்சுத் தசைகள் தளர்ந்திருந்தால் செயற்கைச் சுவாசம் தேவைப்படும்.