ஸ்விட்ச்காரரிடம் கேளுங்கள்

வங்கிகளின் ஏடிஎம், கார்டு ஸ்விட்ச் மென்பொருளில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் நான். ஸ்விட்ச் என்றால் ஏடிஎம், கார்டு செய்திகளை வங்கிகளுக்கிடையே கடத்தும் மென்பொருள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. எப்படி?

வேறு வங்கி ஏடிஎம்மில் 2,000 ரூபாய் கேட்கிறீர்கள். அந்த வங்கியின் ஸ்விட்ச், ஐஎஸ்ஓ 8583 என்ற கார்டுச் செய்தி முறைப்படி 0200 என்ற செய்தியைக் கட்டி, வங்கிகளை இணைக்கும் என்பிசிஐ வழியாக உங்கள் வங்கிக்கு அனுப்பும். உங்கள் வங்கி பணத்தைக் கழித்துக்கொண்டு 0210 என்று பதில் போடும். அதன் 39-ஆவது ஃபீல்டில் 00 இருந்தால் 'கொடு', 51 என்றால் 'கணக்கில் காசில்லை'. இரண்டிலுமே ஸ்விட்சுக்குத் தலைவலி கிடையாது. பதிலே வராமல் போவதுதான் தலைவலி. ஏடிஎம் பக்கம் சில விநாடி பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடும். உங்கள் வங்கியோ பணத்தைக் கழித்த திருப்தியில் இருக்கும். அதைத் திருப்பிப் போடத்தான் 0420, ரிவர்சல். அதற்கும் பதில் இல்லையென்றால் ஸ்விட்ச் திரும்பத் திரும்ப அனுப்பும். அதிலும் தப்பியது மறுநாள் கணக்கு ஒத்துப்பார்க்கும்போது மாட்டும்.

ஒரு மாதம் முதல் தேதி ராத்திரி, திரையில் 91, 91, 91 என்று எறும்பு வரிசையாக ஓடியது. கார்டு தந்த வங்கி பேசவில்லை என்று அர்த்தம். லைன் என்னவோ பச்சையாகத்தான் இருந்தது! எங்கள் வேலையில் செத்த லைனைவிட, உயிரோடு இருப்பதுபோல் நடிக்கும் லைன்தான் மோசம்.

ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி 5 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், நீங்கள் கேட்காமலே. ஆர்ஆர்என் என்ற 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வையுங்கள். அது இல்லாமல் புகார் கொடுத்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

நெஃப்ட் ஏன் உடனே போவதில்லை?

அது அரைமணிக்கொரு பேருந்து. நாளுக்கு 48 நடை, 2019 டிசம்பரிலிருந்து ராத்திரியும் ஓடுகிறது. அவசரமென்றால் ஐஎம்பிஎஸ்.

எந்த வங்கிப் பங்கு வாங்கலாம்?

தரகரைக் கேளுங்கள்.

பேஸ்24 ஸ்விட்ச் மென்பொருள் மாதிரிப் பழங்காலச் சரக்கை இன்னுமா ஓட்டுகிறார்கள்? ஜாவாவில் புதிதாக எழுதிவிடலாமே?

வந்துவிட்டீர்களா! எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். பேஸ்24-ஐச் செய்த ஏசிஐ நிறுவனம், 1975-ல் அமெரிக்காவின் ஒமாஹாவில் தொடங்கியது. பேஸ்24 ஓடிய டான்டெம் நான்ஸ்டாப் கணினியில் ஒவ்வொரு முக்கிய புராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும், ஒரு துணை உண்டு. ஒன்று செத்தால் மற்றது அதே இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். அதைக்கூடப் புதிதாகச் செய்துவிடலாம். ஆனால் என்றோ யாரோ 'தற்காலிகமாக' வைத்த ஒரு நிபந்தனை உள்ளே இருக்குமே, அதை எங்கே போய்த் தேடுவது?

(அவரே) அப்ப காரணம் பயம்தானே?

பயம்தான். மற்றவர் பணம், பயம் இருக்கட்டும்.

(இன்னொருவர்) 2016-ல் வந்த யுபிஐ புதிதாக எழுதியதுதானே, ஓடவில்லையா?

ஓடுகிறது. ஆனால் கணக்கைக் கழிப்பது அப்போதும் உங்கள் வங்கியின் பழைய கோர் பேங்கிங், அதாவது கணக்குகளை வைத்திருக்கும் மென்பொருள்தான். அது தூங்கினால் யுபிஐயும் கொட்டாவி விடும்.

(அவரே) பழையதே தூங்குகிறதென்றால் மாற்ற வேண்டியது பழையதைத்தானே?

சரி, அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. மாற்றுங்கள். மாதம் முதல் தேதி மட்டும் வேண்டாம்.

யுபிஐயில் பணம் போனது, 'பெண்டிங்' என்கிறது...

மேலே சொன்ன அதே வியாதி. ஆளுக்கு அனுப்பியதென்றால் மறுநாளுக்குள், கடைக்கென்றால் 5 நாளுக்குள் தீர வேண்டும். ஆர்ஆர்என்!

ஏடிஎம்மில் பணம் வரவில்லை...

முதல் கேள்வி.

ஏடிஎம்மில் 500 மட்டும் குறைவாக வந்தது. ஆர்ஆர்என், கார்டு எண் எல்லாம் இதோ...

எழுதி வையுங்கள் என்றேன், இங்கே எழுதச் சொல்லவில்லை. முதலில் கார்டு எண்ணை அழியுங்கள், அப்புறம் பேசுவோம்.