கட்டி சர்க்கரையைத் தின்கிறதென்று அப்பாவைப் பட்டினி போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. பத்து வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்று உறுதியாகியிருக்கிறது. பெட் சிடி ரிப்போர்ட்டில் கட்டியின் எஸ்.யு.வி 14 என்று போட்டிருக்கிறார்கள். கட்டி சர்க்கரையைத்தான் தின்கிறது என்று உறவினர்கள் சொன்னதால் சீனி, சோறு, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இரண்டு மாதத்தில் 56 கிலோவிலிருந்து 51 ஆகிவிட்டார். அடுத்த வாரம் கதிர்வீச்சு தொடங்குகிறது. கூடவே வாராவாரம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் நிமோடுசுமாப் என்ற ஊசியும் போடுவார்களாம். அந்த ஊசி வளர்ச்சிக் காரணியைத் தடுக்குமாம். அதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: இன்று ராத்திரியே சோற்றைத் திரும்பக் கொடுங்கள். காரணத்தை அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

'சர்க்கரை' என்ற ஒரே சொல்லை நாம் மூன்றுக்குப் பயன்படுத்துகிறோம்: டப்பாவில் இருக்கும் சீனி, ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், நீரிழிவு நோய். உறவினர்கள் சொன்னதில் உண்மை உண்டு, ஆனால் அது ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸைப் பற்றியது. நீங்கள் கைவைத்தது டப்பாவிலும் சோற்றுப் பானையிலும்.

தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுநோய்களில் பத்தில் எட்டு ஒன்பதில் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி (வெளியிலிருந்து வரும் சிக்னலை வாங்கும் புரதம்) செல்லின் மேற்பரப்பில் அளவுக்கு மீறி முளைத்திருக்கும். வளர்ச்சிக் காரணி என்கிற புரதம் இதில் வந்து ஒட்டியதும் செல்லுக்குள் பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்ற புரதங்கள் வரிசையாக ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்பிச் சிக்னலைக் கடத்தும். புண் ஆறும்போது தோல் செல் பெருகுவதும் இதே வழியில்தான். புண் ஆறியதும் அங்கே சிக்னல் அணைந்துவிடும். கட்டியில் அணைவதில்லை.

சிக்னல் விழுந்ததும் சர்க்கரை விஷயத்தில் மூன்று வேலை நடக்கிறது. செல்லுக்குள் சுருண்டு கிடந்த குளுட்-1 என்ற கடத்திகள் மேற்பரப்புக்கு ஏறி, குளுக்கோஸை உள்ளே விடும் கதவுகளாக நிற்கின்றன. உள்ளே வந்த குளுக்கோஸ் திரும்பி வெளியே போய்விடாமல் ஹெக்ஸோகைனேஸ்-2 என்ற நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடுகிறது. எச்ஐஎஃப்-1 என்ற புரதம் கூடி, பாதி எரிந்த குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றி வெளியே தள்ளும் நொதியைப் பெருக்குகிறது. ஆக்ஸிஜன் இருந்தும் முழுதாக எரிக்காத இந்தப் பழக்கத்தை ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்தார்.

ஒரு குளுக்கோஸை முழுதாக எரித்தால் ஏறக்குறைய 30 ஏடிபி (செல் ஆற்றலாகச் செலவழிக்கும் மூலக்கூறு) கிடைக்கும். இந்தக் குறுக்கு வழியில் கிடைப்பது இரண்டே. ஆற்றல் கணக்கில் நஷ்டம்தான். ஆனால் கட்டிக்கு வேண்டியது ஆற்றல் மட்டும் இல்லை. புது செல் கட்ட மூலப்பொருளும் வேண்டும். பாதி எரிந்த துண்டுகளிலிருந்து டிஎன்ஏவுக்கும் செல் சவ்வுக்கும் தேவையானதை அது எடுத்துக்கொள்கிறது. வெளியே தள்ளிய லாக்டேட் சுற்றுப்புறத்தை அமிலமாக்கி, சண்டைக்கு வரும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களைச் சோர்வாக்குகிறது.

எஸ்.யு.வி 14 என்ற எண்ணுக்கும் இதுதான் அர்த்தம். ஸ்கேனுக்கு முன் போட்ட எஃப்டிஜி ஊசி, குளுக்கோஸ் வேஷம் போட்ட கதிரியக்கப் பொருள். அதே கதவு வழியாக நுழைந்து, பாஸ்பேட் மாட்டப்பட்டு, மேற்கொண்டு எரிய முடியாமல் செல்லுக்குள் சிக்கிக்கொள்ளும். எத்தனை சிக்கியது என்பதற்குத்தான் அந்த எண். கட்டியில் எத்தனை கதவு திறந்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. அப்பா அன்றைக்கு எத்தனை இட்லி சாப்பிட்டார் என்பதைச் சொல்வதில்லை. வெறும் வயிற்றில்தானே ஸ்கேன் எடுத்தார்கள்? அப்படியும் கட்டி ஒளிர்ந்தது.

சோற்றை நிறுத்தினால் என்ன நடக்கும்? ரத்தத்தில் குளுக்கோஸ் குறையக் கல்லீரல் விடாது. முதலில் சேமிப்பைக் கரைக்கும், பிறகு தசைப் புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் செய்யும். கட்டி வெளியே தள்ளிய லாக்டேட்டைக்கூடக் கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விடுகிறது. கட்டிக்குப் பங்கு வந்துகொண்டே இருக்கும். அது குறைந்தால் குளுடமைன் என்ற அமினோ அமிலத்துக்குத் தாவிவிடும். கரைவது அப்பாவின் தொடையும் தோளும். போன 5 கிலோ அவர் எடையில் 9 சதவீதம், சிகிச்சை தொடங்கும் முன்பே. கதிர்வீச்சுக்கு முகத்தில் மாட்டும் வலைமுகமூடி இன்றைய முகத்துக்கு வார்த்தது. இன்னும் மெலிந்தால் அது தளர்ந்து, கதிர் விழும் இடம் நகரும். திரும்ப அளவெடுத்துத் திட்டம் போட வேண்டிவரும்.

இனி ஊசிக்கு வருகிறேன். நிமோடுசுமாப் ஈஜிஎஃப்ஆர் மீது உட்கார்ந்து, வளர்ச்சிக் காரணி ஒட்ட இடம் தராமல் மறிக்கிறது. சிக்னல் தணிந்தால் சர்க்கரைக் கதவுகளும் குறையும். இதே இனத்தைச் சேர்ந்த செடுக்சிமாபைத் தலை-கழுத்துப் புற்று செல்களில் போட்டுப் பார்த்தபோது எச்ஐஎஃப்-1 இறங்கி, லாக்டேட் உற்பத்தி குறைந்ததை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆகவே சம்பந்தம் உண்டு. கட்டியின் சர்க்கரைப் பசியைக் குறைக்க நமக்கு இருக்கும் நேரான வழி இந்தச் சிக்னலை அடக்குவதுதான். முழுத் தீர்வு என்று நினைக்க வேண்டாம். ஐந்தில் ஒரு கட்டியில் பிஐ3கேவிலேயே மரபணு மாற்றம் இருக்கும். மேலே கதவை மூடினாலும் கீழே சிக்னல் தானாக ஓடும். அதனால்தான் சிஸ்பிளாட்டினும் கதிர்வீச்சும் முதுகெலும்பு, இது கூடுதல் துணை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 536 பேரிடம் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் நிமோடுசுமாப் சேர்த்தவர்களுக்கு நோய் திரும்பாமல் இருந்த காலம் கூடியது. மொத்த ஆயுளில் தெரிந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. செலவைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்றால் இரண்டையும் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கு: ஒரு கிலோ எடைக்கு 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 51 கிலோவுக்கு நாளைக்கு 1,500 கலோரிக்குக் குறையாமல், 60 முதல் 75 கிராம் புரதம். இரண்டு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவும் 19 கிராம் தரும். முக்கால் லிட்டர் பால் அல்லது தயிர் 24, நூறு கிராம் மீன் 18, குழைய வேகவைத்த பருப்பு ஒரு கிண்ணம் 7. மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகும். அப்போது காரம், புளி, எலுமிச்சை கூடாது. ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, மிக்ஸியில் அடித்த பருப்புச் சாதம் இறங்கும். கஞ்சியில் ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் 45 கலோரி ஏறும். எதுவும் இறங்காவிட்டால் மூக்கு வழியாக டியூப் போடச் சொல்வார்கள். மறுக்காதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். சீனி போட்ட காபியால் கட்டி வளராது; அதைக் குறைப்பது அவருடைய நீரிழிவுக்காக மட்டும்.

அந்த நீரிழிவுதான் இனி உங்கள் வேலை. வாந்தி வராமல் இருக்க சிஸ்பிளாட்டினோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். காலையில் போட்டால் அன்று மதியமும் சாயங்காலமும் சர்க்கரை எகிறும். மறுநாள் வெறும் வயிற்று அளவு ஒழுங்காகவே தெரியும். காலையில் மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. மருந்து போடும் நாளிலும் மறுநாளும் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவு உணவுக்கு முன்பும் பாருங்கள். சாப்பாடு குறையும் நாட்களில் ஆபத்து தலைகீழ்: கிளிமிபிரைடு வகை மாத்திரையை வழக்கம்போல் விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால், சர்க்கரை அதிகமில்லாமலே ரத்தம் அமிலமாகலாம். சிஸ்பிளாட்டினால் சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மினையும் நிறுத்த வேண்டியிருக்கும். அதனால் அவருடைய மாத்திரை அட்டை முழுவதையும் முதல் ஊசிக்கு முன்பே புற்றுநோய் டாக்டரிடம் காட்டி, எதை எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள்.

ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினோடு மெக்னீசியத்தையும் கேளுங்கள். சிஸ்பிளாட்டின் அதைச் சிறுநீரில் வெளியேற்றும். சிறுநீரகத்தில் மெக்னீசியத்தைத் திரும்ப எடுப்பதும் ஈஜிஎஃப்ஆர் சொல்லித்தான் நடக்கிறது, அதனால் நிமோடுசுமாப் ஊசியும் தன் பங்குக்குக் குறைக்கலாம். கை மரத்துப்போவது, தசை பிடிப்பது அறிகுறி.

சிகிச்சை முடிந்ததும் அவசரப்பட்டு பெட் சிடி எடுக்காதீர்கள். கதிர்வீச்சில் வெந்த திசுவும் சர்க்கரையை இழுக்கும், மிச்சக் கட்டி போலவே ஒளிரும். 12 வாரம் கழித்து எடுங்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, சர்க்கரை 200க்குக் கீழே. முந்தின நாள் கடினமான உடல் வேலை வேண்டாம். எஃப்டிஜி ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசக்கூடாது, எதையும் மெல்லக்கூடாது. பேசினால் குரல்வளைத் தசை ஒளிரும். அவருக்குக் கட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே.