கிரைண்டருக்கும் கேஸ் அடுப்புக்கும் ஒரே டிரேட்மார்க் விண்ணப்பம் போதுமா?

சார், வணக்கம். அம்பத்தூர் பட்டறையில் 2019 முதல் கிரைண்டரும் கேஸ் அடுப்பும் செய்கிறோம், 'சென்னை ஸ்ட்ராங்' என்ற பெயருக்கு ஒரே விண்ணப்பம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

விண்ணப்பம் ஒன்று போதும், டிஎம்-ஏ படிவம்தான். ஆனால் டிரேட்மார்க்கில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: மின் கிரைண்டர் 7ஆம் வகுப்பு, கேஸ் அடுப்பு 11ஆம் வகுப்பு. கட்டணம் வகுப்புக்கு வகுப்பு தனி. உத்யம் சான்றிதழ் (சிறுதொழில் பதிவுச் சான்று) இருந்தால் ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய். கம்பெனியாக இருந்து சான்றிதழும் இல்லையென்றால் 9,000.

எனக்கு உறுத்துவது பெயர்தான். 'சென்னை' ஊர்ப்பெயர், 'ஸ்ட்ராங்' பொருளின் குணம். டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 9-இன் கீழ் ஆட்சேபம் வர நிறைய வாய்ப்பு. அர்த்தமே இல்லாத ஒரு சொல்லைப் புதிதாக உருவாக்கினால் பாதுகாப்பு அதிகம். பழைய பெயரை விட மனசு வராது, தெரியும். அப்படியானால் லோகோவோடு சேர்த்துப் போடுங்கள். அப்போதும் அந்தச் சொற்கள் மட்டும் உங்களுக்கே சொந்தம் என்று ஆகிவிடாது.

அப்புறம், விண்ணப்பத்தில் 'இனிமேல் பயன்படுத்தப் போகிறேன்' என்று மட்டும் குறித்துவிடாதீர்கள். நான் அவசரத்தில் அப்படிக் குறித்து, ஏழு வருட விற்பனையைக் கணக்கில் காட்ட முடியாமல் தவித்தேன். 2019 பில், பெயர் அச்சடித்த அட்டைப்பெட்டியின் போட்டோ எல்லாம் தேடி எடுத்து, பிரமாணப் பத்திரத்தோடு இணையுங்கள். கட்டணம் கட்டும் முன், டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசத் தேடலில் இரண்டு வகுப்பிலும் பெயரைத் தேடிப் பாருங்கள், உச்சரிப்பு ஒத்துப்போகும் பெயர்களையும் சேர்த்து.

கிண்டியில் இருக்கும் பதிவக அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை, எல்லாம் ஆன்லைன்தான்.