பீரோவில் இருக்கும் அசனப் பணம்

கேள்வி: ஐயா, எங்கள் சபைக்கு மூன்று வருஷமாக நான்தான் பொருளாளர். அசனத்துக்கு (சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு) வசூலான 1,12,000 ரூபாய் என் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. போன வருஷம் இதே மாதிரி இருந்த பணத்தில் 15,000 ரூபாயைக் கைமாற்றாக எடுத்துச் சீட்டுக்குக் கட்டினேன். பத்தே நாளில் திருப்பி வைத்துவிட்டேன். மனைவிக்குக்கூடத் தெரியாது. இப்போது மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் 35,000 கட்ட வேண்டும். 20ஆம் தேதி கடைசி. மனசு பீரோவையே சுற்றுகிறது. இரண்டு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபித்தும் எண்ணம் போகவில்லை. என் விசுவாசம் போதவில்லையா?
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரருக்கு,

எண்ணம் வந்ததற்காக நொந்துகொள்ள வேண்டாம். மத்தேயு 4ஆம் அதிகாரத்தை இன்னொரு தடவை எடுத்துப் படியுங்கள். நாற்பது நாள் உபவாசம் இருந்த இயேசுவிடமே சோதனைக்காரன் வந்தான். அதுவும் பசி வந்த பிறகு, அப்பத்தைப் பேசிக்கொண்டு வந்தான். பசித்தவர் அப்பம் தின்பதில் என்ன தப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். மகளுடைய ஃபீஸும் அப்படித்தான். குடிக்கவோ சீட்டாடவோ பணம் எடுக்கத் தோன்றியிருந்தால் நீங்களே அந்த எண்ணத்தை விரட்டியிருப்பீர்கள். நியாயமான செலவாக வந்ததால் அது நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டது.

ஆனால் 'கைமாற்று' என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. கைமாற்று என்றால் கொடுக்கிறவர் ஒருவர் வேண்டும். இங்கே கொடுத்தது யார்? திருப்பி வைக்கும் எண்ணத்தோடு கொஞ்ச நாளைக்கு எடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது கையாடல்தான். போன வருஷம் மாட்டிக்கொள்ளாமல் தப்பியதுதான் இந்த வருஷம் உங்களைப் பீரோவுக்குக் கூப்பிடுகிறது.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கள் சபையில் பெண்கள் கைப்பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். மாதம் பிறந்தால் அது கோயிலுக்குப் போகும். அப்பாவுக்கு வேலை இல்லாத ஒரு மழைக்காலத்தில் எங்கள் அரிசிப் பானை தரை தட்டிவிட்டது, கைப்பிடிப் பானையில் பாதிக்கு மேல் இருந்தது. அம்மா அந்தப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் கொண்டுபோனாள். "இது இங்கேயே இருக்கட்டும்க்கா, என் கண்ணு முன்னால வேண்டாம்" என்றாள். அந்த அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எதுவும் கேட்காமல் ஒரு படி அரிசி அளந்து கொடுத்தார். அது கைமாற்று! அம்மா தினமும் விடியற்காலையில் முழங்காலில் நிற்கிறவள். அவளுக்கு விசுவாசம் போதவில்லை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பவுல் செய்ததும் ஏறக்குறைய இதுதான். எருசலேமுக்குப் போகவேண்டிய தர்மப்பணம் விஷயத்தில் யாரும் குறை சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று, தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரைச் சேர்த்து அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலனே தன் பேரை மட்டும் நம்பிப் பணத்தைக் கையாளவில்லை. நம் சபைகளிலோ 'அண்ணன் தங்கமானவர்' என்று சொல்லி லட்ச ரூபாயை ஒருவர் வீட்டுப் பீரோவில் போட்டுப் பூட்டிவிடுகிறோம். உங்கள் கமிட்டிமேல் எனக்குக் கோபம்தான்.

எண்ணம் போகவேண்டும் என்றுதான் இத்தனை நாள் ஜெபித்திருக்கிறீர்கள். 1 கொரிந்தியர் 10:13 எண்ணமே வராது என்று சொல்லவில்லை, சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் 'போக்கையும்' உண்டாக்குவார் என்கிறது. உங்களுக்கான போக்கு வங்கி வாசல். நாளைக்கே கமிட்டியில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சபைக் கணக்கில் மொத்தப் பணத்தையும் கட்டிவிடுங்கள். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி கணக்கை மாற்றச் சொல்லுங்கள். காணிக்கை எண்ணும்போதும் இரண்டு பேர் இருந்து, நோட்டில் இருவரும் கையெழுத்துப் போடட்டும்.

அப்புறம் அந்தப் பதினைந்தாயிரம். இதை எழுத எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. இன்று இரவே மனைவியிடம் சொல்லுங்கள். பிறகு சபைப் போதகரான ஐயரிடம் போய், எடுத்த தேதி, வைத்த தேதி இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். பொருளாளர் பதவி போகலாம். ஊர் நாலு விதமாகப் பேசலாம். ஐயர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது. ஆனால் சொல்லாமல் வைத்திருந்தால், பீரோ காலியானாலும் அடுத்த வருஷம் வேறொரு பணத்தின் முன்னால் நின்று இதே கேள்வியை எழுதுவீர்கள்.

ஃபீஸ் விஷயத்துக்கு வருவோம். தவணையில் கட்ட விடுவார்களா என்று முதலில் காலேஜ் ஆபீஸில் கேளுங்கள். பல இடங்களில் விடுகிறார்கள், நாம்தான் கேட்கக் கூச்சப்படுகிறோம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை, பெற்றோர் கூட்டுக் கடனாளியாகச் சேர்ந்தால் போதும். கடன் கைக்கு வர நாளாகும் என்பதால் அதை அடுத்த ஃபீஸுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 35,000-க்குச் சொந்தத்தில் ஒருவரிடம் வாய் திறந்து கேளுங்கள். வங்கிக்குப் போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள், கடன் அவள் பேரில்தான் வரும்.