சத்திரத்துச் சோறும் சரபோஜியின் கடிதமும்

கேள்வி: ஒரத்தநாட்டில் இருக்கும் முக்தாம்பாள் சத்திரத்தை அந்தக் காலத்து லாட்ஜ் என்று சொல்லலாமா?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

லாட்ஜ் என்றால் வாடகை கேட்பார்களே! இங்கே தங்கவும் காசில்லை, சாப்பிடவும் காசில்லை. காசியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்தே போனவர்கள் தஞ்சாவூரைத் தாண்டியதும் ஒரத்தநாடு, அப்புறம் மணமேல்குடி, மீமிசல் என்று கடற்கரையை ஒட்டிப் போவார்கள். அந்த வழி நெடுக தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய அரசர்கள் சத்திரம் கட்டி வைத்தார்கள், அதுவும் பெரும்பாலும் அரண்மனைப் பெண்கள் பெயரில். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், மணமேல்குடியில் திரௌபதாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள். இந்த முக்தாம்பாள் அந்த அரசர்களில் ஒருவரான இரண்டாம் சரபோஜியின் காதலி. தன் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று சாகும்போது அவள் கேட்டாள், 1802-ல் அவர் கட்டி முடித்தார் என்பது அந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. சாகும்போது கேட்டாளோ முன்னாலேயே கேட்டாளோ, கட்டடம் நிற்கிறது. யானையும் குதிரையும் தேரை இழுப்பது போல ஒரு பகுதியைச் செதுக்கியிருக்கிறார்கள். அவசரமாகப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

கேள்வி: சத்திரத்தில் உண்மையிலேயே எல்லோருக்கும் சோறு போட்டார்களா? யார் சொன்னது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

சரபோஜியே சொன்னதுதான். 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்ட், அதாவது அரசவையில் கம்பெனியின் பிரதிநிதி, பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை, ஜோகி, பைராகி போன்ற ஊர் சுற்றும் சாமியார்கள் என்று எந்த வழிப்போக்கர் வந்தாலும் சோறு உண்டு, சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் மற்ற சாமான்களும் உண்டு. நடுராத்திரி வரை பரிமாறிவிட்டு மணி அடிப்பார்களாம், இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிடட்டும் என்று. கைக்குழந்தைக்குப் பால், நோயாளிக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும், பாம்புக்கடிக்கு வைத்தியர், அநாதைக் குழந்தைகளுக்கு மூன்று வேளைச் சோறு, படிப்பு, நாலு நாளைக்கு ஒரு தரம் எண்ணெய்க் குளியல். வழியில் வந்த கர்ப்பிணிக்கு அங்கேயே பிரசவம் ஆனால் செலவு சத்திரத்துடையது, மூன்று மாதம் தங்கிக்கொள்ளலாம். எனக்கு இந்த மூன்று மாதம்தான் மறக்கவே மாட்டேன் என்கிறது.

ஆனால் அவர் எழுதியது வரவு செலவுக் கணக்கு கேட்டு நிற்கும் ஆளுக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. 1799 ஒப்பந்தத்தில் கோட்டையையும் சுற்றுவட்டத்தையும் மட்டும் ராஜாவுக்கு விட்டுவிட்டு நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. சத்திரங்களுக்கு எழுதி வைத்த கிராமங்களின் வருமானமும் கை மாறிவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதிய கடிதம் அது, அதனால் எல்லாம் குறையில்லாமல் நடப்பதாகத்தான் எழுதியிருப்பார். அப்புறம், எல்லோருக்கும் சோறு என்றால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் அது நடக்கிற காரியமில்லை.

கேள்வி: ‘சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தய்யங்கார் சிபாரிசா’ என்று பாட்டி சொல்வாள். யார் அந்தத் தாத்தய்யங்கார்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

அவர் யாராக இருந்தால் என்ன! யார் போனாலும் இலை போடும் இடத்துக்குப் பெரிய மனிதர் ஒருவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போவானேன் என்பதுதான் விஷயம். இந்தக் காலத்தில் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கே சிலர் சிபாரிசு தேடுகிறார்கள்.

கேள்வி: இவ்வளவு நன்றாக நடந்தது ஏன் நின்றுபோனது?
– ஒரு வாசகர், திருச்சி

ஒரே நாளில் நிற்கவில்லை. 1855-ல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் ராஜ்யப் பட்டமே போய்விட்டது, சத்திரங்கள் சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்தன. அதைவிடப் பெரிய அடி ரயில். பத்து மைலுக்கு ஒரு தரம் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனவன் ராத்திரி ரயில் ஏறிக் காலையில் இறங்கிவிட்டால், நடுவில் இருக்கிற சத்திரத்து அடுப்பு யாருக்காக எரியும்? ஒரத்தநாட்டுச் சத்திரம் பின்னாளில் மாணவர் விடுதியானது. வழிப்போக்கன் வரவில்லையே தவிர பையன்கள் படுத்துத் தூங்கினார்கள், அதனால் அதைப் பெரிய துரோகமாக நான் நினைக்கவில்லை. கூரையில் ஆலஞ்செடி முளைக்க விட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நிலம் மட்டும் எங்கேயும் போகவில்லை. தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸில் சத்திரம் நிர்வாகத்துக்கென்றே தனித் தாசில்தார் உண்டு. சத்திரத்து நிலம், குத்தகை என்று எதைக் கேட்பதானாலும் அங்கே போங்கள்.