ஸ்பார்க்ளிங் ஒயின்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: பாட்டிலைத் திறந்ததுமே கால்வாசி ஒயின் நுரையாகப் பொங்கி வழிந்துவிடுகிறது. தவிர்க்க முடியாதா?

பதில்: முடியும். பாட்டில் போதுமான அளவு குளிரவில்லை, அல்லது குலுங்கியிருக்கிறது. ஷாம்பெயின் பாட்டிலுக்குள் அறை வெப்பநிலையில் சுமார் 6 பார் அழுத்தம் இருக்கும். குளிரக் குளிர வாயு ஒயினுக்குள் அடங்கிவிடும், அழுத்தமும் குறையும். ஃப்ரிட்ஜில் 3 முதல் 4 மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால், ஐஸும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளியில் கழுத்துவரை அமிழ்த்தினால் அரை மணி நேரம் போதும். வெறும் ஐஸ்கட்டிகள் பாட்டிலில் அங்கங்கேதான் தொடும். தண்ணீர் சேர்ந்தால்தான் குளிர் சீராக ஏறும். ஃப்ரீசர் வேண்டாம். மறந்துவிட்டால் ஒயின் உறைந்து பாட்டிலே வெடிக்கலாம்.

திறக்கும்போது கார்க்கின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே கம்பிவலையின் வளையத்தைப் பிரியுங்கள். வழக்கமாக ஆறு அரைச்சுற்றில் தளர்ந்துவிடும். வலையைக் கழற்ற வேண்டாம்; அதோடு சேர்த்தே கார்க்கைப் பிடித்தால் வழுக்காது. பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் பிடித்து, மறு கையால் பாட்டிலின் அடிப்பாகத்தைத் திருப்புங்கள். திருக வேண்டியது பாட்டிலைத்தான், கார்க்கை அல்ல. கார்க் மேலே வரத் தொடங்கியதும் அதை உள்நோக்கி அழுத்தி, மெல்ல விடுங்கள். "டொப்" என்று வெடித்தால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் வாயு வீணாகும், கண்ணுக்கும் ஆபத்து. "உஸ்" என்ற சத்தம்தான் சரி.

கேள்வி: ஒரே பாட்டில்தான். ஒரு கிளாஸில் குமிழி வரிசையாக வருகிறது, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. ஏன்?

பதில்: ஒயினைக் குறை சொல்லாதீர்கள், கிளாஸைப் பாருங்கள். வழவழப்பான கண்ணாடியில் குமிழி தானாகப் பிறக்காது. துடைத்த துணியிலிருந்து ஒட்டிய நுண்ணிய இழை, காற்றில் வந்த தூசி ஆகியவற்றுக்குள் சிக்கிய காற்றில்தான் வாயு சேர்ந்து, குமிழியாகி மேலே கிளம்பும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு வரிசையும் ஒரே புள்ளியிலிருந்து எழுவது தெரியும். சில கிளாஸ்களின் அடியில் இதற்கென்றே லேசரால் கீறியிருப்பார்கள். சோப்புப் படலமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை சட்டென அமுங்கிவிடும். வெந்நீரில் நன்றாக அலசி, பஞ்சுத்துணியால் துடையுங்கள். கிளாஸில் குமிழியே தெரியாவிட்டாலும் நாக்கில் சுறுசுறுவென்று இருந்தால் ஒயினில் குறையில்லை.

கேள்வி: முறையாக ருசிப்பது எப்படி? எனக்குப் புளிப்பும் கூச்சமும்தான் தெரிகிறது.

பதில்: முதலில் கிளாஸ். அகலமான வாய் கொண்ட கிண்ணத்தில் வாயு சீக்கிரம் போய்விடும். ஒடுங்கி உயர்ந்த ஃப்ளூட் கிளாஸில் மூக்குக்கு இடமில்லை. நடுவில் அகன்று வாயில் குவியும் ட்யூலிப் வடிவமே எங்கள் தேர்வு. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக ஊற்றுங்கள். நேராக ஊற்றுவதைவிட இதில் வாயு அதிகம் தங்கும். பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

ஊற்றியதும் மூக்கை நுழைத்தால் கார்பன் டை ஆக்சைடு சுரீரெனக் குத்தும், மணம் எதுவும் பிடிபடாது. ஒரு நிமிடம் விடுங்கள். மற்ற ஒயின்களைப் போல வேகமாகச் சுழற்றவும் வேண்டாம்; மேலே வந்து உடையும் குமிழிகளே மணத்தை ஏந்தி வரும். பிறகு சிறு மடக்காக எடுத்து, நாக்கு முழுதும் பரவவிட்டு, இரண்டு மூன்று விநாடி கழித்து விழுங்குங்கள். நுரை மென்மையாக விரிகிறதா, சோடாவைப் போலக் கரகரக்கிறதா? விழுங்கிய பின் எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது? இந்த இரண்டிலேயே தரம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஷாம்பெயினும் ஸ்பெயினின் ஸ்பார்க்ளிங் ஒயினான காவாவும் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதித்து, ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் கிடப்பவை. அதனால்தான் வறுத்த ரொட்டி, பாதாம் போன்ற மணம். இத்தாலியின் ஸ்பார்க்ளிங் ஒயினான புரொசெக்கோ பெரும்பாலும் பெரிய தொட்டியில் நொதிப்பது. அதில் பேரிக்காயும் வெள்ளைப் பூக்களும் தூக்கலாக இருக்கும். ஒன்றில் மற்றதைத் தேடினால் ஏமாற்றமே. புளிப்பு மட்டுமே தெரிந்தால், ஒயின் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கலாம்: 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரி. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது, காத்திருந்தாலும் போகாது.

கேள்வி: இனிப்பே வேண்டாமென்று "எக்ஸ்ட்ரா டிரை" வாங்கினேன். லேசாக இனிக்கிறதே?

பதில்: இனிக்கத்தான் செய்யும். லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை கொண்டது எக்ஸ்ட்ரா டிரை. ப்ரூட் என்றால் 12 கிராமுக்குள், எக்ஸ்ட்ரா ப்ரூட் 6 வரை, ப்ரூட் நேச்சர் 3-க்கும் குறைவு. உங்களுக்குக் கடைசி இரண்டும் பொருந்தும். இனிப்புப் பண்டத்தோடு குடிக்க 32 முதல் 50 கிராம் வரை உள்ள டெமி-செக்கை எடுங்கள். ப்ரூட் அங்கே வெறும் புளிப்பாகிவிடும்.

கேள்வி: மீந்த பாட்டிலின் வாயில் வெள்ளிக் கரண்டியைச் செருகி வைத்தால் வாயு போகாதா?

பதில்: கரண்டி எதையும் அடைப்பதில்லை. வாயைக் கவ்விப் பூட்டும் ஸ்பார்க்ளிங் ஒயின் மூடி தனியாகக் கிடைக்கும். அதைப் போட்டு, ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்து, ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்ப் மூடியை மட்டும் போடாதீர்கள். அது குமிழியையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.